சர்க்காருக்குப் போகும் தண்ணீர்

செம்பரான்விடுதியின் குடிநீர் நல்ல நீர் என்பதில் அரசாங்கத்துக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் இருந்ததில்லை. ஆலங்குடியிலிருந்து உள்ளே பிரியும் தார் ரோட்டில் முந்திரித் தோப்புகளைத் தாண்டி வந்தால் முதலில் கண்ணில் படுவது மேல்நிலைத் தொட்டி. அதன் காலில் ஒரு தகரப் பலகை: "இவ்வூர்க் குடிநீர் பரிசோதிக்கப்பட்டது. குடிக்க உகந்தது." மாதாமாதம் புதுக்கோட்டையில் இருக்கும் மாவட்டக் குடிநீர்த் தர உறுதி மையத்திலிருந்து ரிப்போர்ட் வரும். மாதாமாதம் அதில் இதே சொல் இருக்கும். பக்கத்து ஊர்களுக்கெல்லாம் உப்பு, கலங்கல், கிருமி என்று ஏதாவது ஒன்று வந்து தொலைக்கும். செம்பரான்விடுதிக்கு மட்டும் வராது. எப்போதும் முதல் மார்க் வாங்கும் பிள்ளையை வாத்தியார் பார்ப்பது போல மையத்துக்காரர்கள் அந்த ஊரைப் பார்த்தார்கள்.

இந்தப் பெருமைக்குக் காரணம் சவரியப்பன். அவர் பஞ்சாயத்தின் டேங்க் ஆபரேட்டர். விடியற்காலை மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்புவார், மருந்து கலப்பார், வால்வைத் திறந்து ஊருக்குத் தண்ணீர் விடுவார். மாதம் ஒருமுறை மையம் கொடுத்தனுப்பும் போத்தலில் தண்ணீர் பிடித்து அனுப்புவார். இந்தக் கடைசி வேலையைத்தான் அவர் கோயிலுக்குக் காணிக்கை கொண்டுபோகிற பக்தியோடு செய்தார்.

போத்தல் கிருமி நீக்கி, மூடி இறுக்கி, வாயில் காகிதம் கட்டி வரும். அவர் மனைவி அழகி முதல் வேலையாக அந்தக் காகிதத்தைப் பிய்த்து எறிவாள். "எவன் கை பட்டு வந்துச்சோ" என்று சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, பளபளவென்று கழுவி, வேலிப் படலில் கவிழ்த்து வெயிலில் காயவைப்பாள். சர்க்கார் வீட்டுப் பாத்திரத்தை அழுக்காகத் திருப்பி அனுப்பும் வழக்கம் அந்த ஊரில் கிடையாது.

அடுத்தது தண்ணீர். குழாயில் வருவது போர் தண்ணீர். கொஞ்சம் சவர், பருப்பு வேகாமல் பாடாய்ப் படுத்தும். அதையா அனுப்புவது? வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கிழிந்த இலையிலா சோறு போடுவோம்? சர்க்கார், இத்தனை வேலைக்கு நடுவில், உங்கள் ஊர்த் தண்ணீரைக் கொஞ்சம் கொடுங்கள் என்று ஆள் அனுப்பிக் கேட்கிறது. ஊரிலேயே நல்ல தண்ணீர் எதுவோ அதைத்தான் கொடுக்க வேண்டும். அது தெற்கே அல்லி ஊருணியில் இருந்தது. சவரியப்பன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, படித்துறையில் இறங்கி, மேல் தண்ணீரைக் கையால் விலக்கிவிட்டு அடியிலிருந்து முகந்து கொடுப்பார். அவருக்கு முன்னால் இருந்த ஆபரேட்டரும் அப்படித்தான் செய்தார். இதில் ஏமாற்று என்ற எண்ணம் ஒருவருக்கும் இல்லை. மரியாதை மட்டுந்தான் இருந்தது.

ஊருணியில் ஊர் குடிப்பதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வீடு குழாய் வந்த வருஷம் மையம் அங்கே இன்னொரு பலகையை நட்டது: "திறந்தவெளி நீர்நிலை. இந்நீர் குடிக்க உகந்ததல்ல." தண்ணீரைச் சோதித்துப் பார்த்து வைத்த பலகையல்ல. திறந்தவெளி நீர்நிலை என்றாலே அந்தப் பலகை என்று விதி. ஆக, உகந்ததல்ல என்று பலகை வாங்கிய தண்ணீர் மாதந்தோறும் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போய் உகந்தது என்று பேர் வாங்கிக்கொண்டு வந்தது. அந்தப் பேரை வைத்துக்கொண்டு ஊர் குழாய்த் தண்ணீரைக் குடித்தது. குழாய்த் தண்ணீர் சவராக இருந்தாலும் யாரையும் ஒன்றும் செய்யாமல் இருந்தவரை இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் தெரியவில்லை.

சவரியப்பனுக்கு ஒரே மகள், இனியா. நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தவள். அறந்தாங்கியில் கட்டிக்கொடுத்திருந்தது. மாப்பிள்ளை அறிவுச்செல்வன் துபாயில். வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு அவள் அப்பன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சவரியப்பனுக்குத் தரையில் கால் பாவவில்லை. வாசலில் கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கிப் போட்டார். பிள்ளை வழுக்கி விழுந்துவிடும் என்று குளியலறைத் தரையை அவரே உட்கார்ந்து தேய்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் மையம், பயனாளிகளின் கருத்தை அறியும் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு போன் நம்பர் கொடுக்க வேண்டும். சவரியப்பனிடம் இருந்தது பட்டன் போன்; அதில் புதுச் செய்தி விழ இடமில்லை. இனியாவின் நம்பரைக் கொடுத்தார். மறுநாளிலிருந்து தினமும் காலைப் பலகார நேரத்துக்கு அவள் போன் கீச்சென்றது. "அன்புள்ள இனியா, இன்று உங்கள் இல்லத்திற்குப் பாதுகாப்பான குடிநீர் வழங்கப்பட்டது. மனநிறைவு எனில் 1, மிகுந்த மனநிறைவு எனில் 2 அழுத்தவும். பதில் வராவிடில் மனநிறைவு எனக் கொள்ளப்படும்."

"ஏப்பா, ரெண்டு அமுக்கவா? ஒங்களுக்கு எதும் போனஸ் கீனஸ் குடுப்பாங்களா?" என்று மகள் சிரித்தாள்.

"ஒன்னே அமுக்கு ஆத்தா. ரொம்பப் பெருமையடிச்சுக்கக் கூடாது" என்றார் சவரியப்பன்.

பிறகு ரோட்டோரம் சாக்கடைக் கால்வாய் கட்ட வந்த ஜே.சி.பி., போகிற போக்கில் குடிநீர்க் குழாயைக் கடித்துவிட்டுப் போனது. காண்டிராக்டரின் ஆட்கள் உடைந்த இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினார்கள். அதன்மேல் மண்ணைத் தள்ளி, மண்ணின்மேல் கால்வாய்க்குக் கான்கிரீட்டும் போட்டுவிட்டார்கள். சவரியப்பன் கத்தியதற்கு, "பில்லு போட்டாச்சு பெரியவரே, இனி தொட முடியாது" என்று பதில் வந்தது. கொஞ்ச நாளில் கால்வாயில் ஊர்க் கழிவெல்லாம் ஓடத் தொடங்கியது. குழாயில் முதல் இரண்டு குடம் தண்ணீர் ஒரு நாற்றத்தோடு வரத் தொடங்கியது.

இனியா போனில் 'தண்ணி நாறுது' என்று பதில் அடித்தாள். 'தவறான பதில். 1 அல்லது 2 அழுத்தவும்' என்று வந்தது.

சவரியப்பன் அன்றைக்கே மரியசெல்வத்திடம் சொல்லி மகளுக்கென்று கேன் தண்ணீர் போடச் சொன்னார். மரியசெல்வம் அழகிக்குத் தம்பி முறை. ஊர்க் கடைசியில் ஷெட் போட்டு, சுத்திகரிக்கும் மெஷின் வைத்து, கேன் தண்ணீர் விற்றுக்கொண்டிருந்தான்.

"எதுக்குப்பா கேனு? ஊருணில ஒரு கொடம் மோந்துட்டு வாங்க. சின்னப் புள்ளைல அதைத்தான குடிச்சேன். வாய்க்கு அது கேக்குது" என்றாள் இனியா.

"அங்க போர்டு வச்சிருக்கு ஆத்தா."

"நீங்கதான மாசாமாசம் அத சர்க்காருக்கு அனுப்புறீங்க?"

"சர்க்காருக்கு அனுப்புறது வேற. வாயும் வயிறுமா இருக்க புள்ளைக்குக் குடுக்கறது வேற. கவர்மெண்டு வேலைல இருந்துக்கிட்டு கவர்மெண்டு போர்ட நானே மதிக்கலன்னா நல்லாவா இருக்கும்?" என்றார் சவரியப்பன்.

"சம்பளமே மூணு மாசத்துக்கு ஒருக்கா வருது. இதுல கவர்மெண்டாம்" என்று அழகி அடுப்படியிலிருந்து முனகினாள்.

மகளுக்குக் கேன் வந்தாலும் ஊருக்கு என்ன வழி? தொட்டியில் மருந்தைக் கூட்டிப் போட்டுப் பார்த்தார். உடைப்பு தொட்டிக்கு அப்பால் இருந்ததால் நாற்றத்தோடு மருந்து வாடையும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம். ஒருநாள் வால்வைத் திறக்காமலே விட்டார். சற்று நேரத்தில் காலிக் குடங்களோடு பெண்கள் அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். மாட்டுக்குத் தண்ணீர் இல்லை, பிள்ளைகளுக்குக் கால் கழுவத் தண்ணீர் இல்லை. "நாறுனா நாறிட்டுப் போவுது, தொறந்து விடுங்க. அதான் ரிப்போர்ட்ல நல்ல தண்ணின்னு போட்டுருக்குல்ல?" என்று ஏசினார்கள். அதற்குள் மையத்திலிருந்தும் போன் வந்தது. குழாயில் ஒரு அளவுமானி உண்டு. ஆளுக்கு ஐம்பத்தைந்து லிட்டர் போகிறதா என்று புதுக்கோட்டைத் திரையில் அது காட்டும். செம்பரான்விடுதி அன்றைக்குச் சைபர் காட்டியதில் மையமே கலங்கிப் போய்விட்டது. சவரியப்பன் வால்வைத் திறந்துவிட்டார். இப்படி ஒரு அதிர்ச்சி இனி நேரக்கூடாது என்று மையம் மறுநாளே ஒரு ஆளை அனுப்பி, தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் சராசரியாக ஐம்பத்தைந்து காட்டும்படி அந்த மானியைச் சரிசெய்துவிட்டது. உடைந்த குழாய் அந்த ஆளின் காலடியில்தான் இருந்தது. அது அவருடைய பிரிவு இல்லை.

சவரியப்பன் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனார். மையத்தின் வாசலில் பெரிய குடிநீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதில் 'பழுது' என்று ஒட்டியிருந்தது. உள்ளே தர உறுதி அலுவலர் ஆத்மநாதன் உட்கார்ந்திருந்தார். குரலை உயர்த்தத் தெரியாத, நெற்றியில் திருநீறு அழியாத, நல்ல மனிதர்.

"தண்ணி நாறுதுங்கய்யா" என்றார் சவரியப்பன்.

"நாற்றத்துக்கு எங்க படிவத்துல கட்டம் இல்லையே" என்றார் ஆத்மநாதன் வருத்தத்தோடு. "உங்க ஊர் ரிப்போர்ட் தோல்வின்னு வந்தாத்தான் பழுதுபார்க்க உத்தரவு போட முடியும். போன மாசம் உகந்ததுன்னுல்ல வந்திருக்கு?"

அப்படியானால் ரிப்போர்ட் தோற்க வேண்டும். சவரியப்பன் ஊருக்குத் திரும்பினார். அந்த மாதம் போத்தலை அழகியிடம் கொடுக்கவில்லை. குளிக்கவுமில்லை, வெள்ளை வேட்டி கட்டவுமில்லை. தெருக்குழாயைத் திறந்து, வந்த தண்ணீரை வந்தபடி பிடித்து மூடினார். சர்க்காருக்கு இப்படியொரு தண்ணீரைக் கொடுக்கிறோமே என்று அவருக்குக் கை கூசியது.

போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்த சில நாளில் கூப்பிட்டனுப்பினார்கள். கம்ப்யூட்டரில் பதிவேற்றும் சுடர்விழி என்ற பெண் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"இது செம்பரான்விடுதித் தண்ணி இல்லங்க. சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது" என்றாள்.

"எங்க ஊரு தண்ணிதாம்மா. நாந்தான் பிடிச்சேன்."

"இத்தன வருசமா உங்க ஊர் அளவெல்லாம் சிஸ்டத்துல இருக்கு. உப்பு, கடினத்தன்மை, கிருமி எதுவுமே இதோட ஒத்துப் போகல. ரொம்ப வித்தியாசம் வந்தா 'மாதிரி எடுத்ததில் பிழை'ன்னு அதுவே தள்ளிரும். தள்ளினதுக்குப் பதிலா போன மாச அளவ அதுவே எடுத்துப் போட்டுக்கும். போட்டாச்சு. உகந்தது."

சவரியப்பன் ஆத்மநாதன் அறைக்குள் போய், கையைக் கட்டிக்கொண்டு, இத்தனை வருஷத்துச் சங்கதியையும் கொட்டிவிட்டார். ஊருணி, படித்துறை, மேல் தண்ணீரை விலக்கி முகந்தது, எல்லாம். வேலை போனாலும் போகட்டும், மகள் வீட்டில் இருக்கிறாள் என்றார்.

ஆத்மநாதன் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சவரியப்பன், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்த ஊருணித் தண்ணி உகந்ததல்லன்னு நாங்கதானே போர்டு வச்சிருக்கோம்?"

"ஆமாங்கய்யா."

"உகந்ததல்லாத தண்ணியச் சோதிச்சா எங்க லேப் உகந்ததுன்னு சொல்லுமா? எங்க லேப் அங்கீகாரம் வாங்கின லேப். அப்படிச் சொல்லவே சொல்லாது. ஆனா உங்க ரிப்போர்ட் அத்தனையும் உகந்ததுன்னு வந்திருக்கு. அப்படின்னா நீங்க அனுப்பினது ஊருணித் தண்ணி இல்ல. குழாய்த் தண்ணிதான். உங்களுக்கு ஞாபகப் பிசகு."

"இல்லங்கய்யா, நானே எறங்கி..."

"மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க. ஒரு பயிற்சிக்கு அனுப்பறேன். சரியாயிரும்."

பயிற்சி ஒரு ஏ.சி. ஹாலில் நடந்தது. மாதிரி எடுப்பது எப்படி என்று படம் போட்டுக் காட்டினார்கள். அசுத்தமான இடத்தில் மாதிரி எடுக்கக் கூடாது. நாற்றமடிக்கும் குழாயைத் தவிர்க்க வேண்டும். தண்ணீர் தெளிந்த பிறகே பிடிக்க வேண்டும். முடிவில் ஒரு தொப்பியும் சான்றிதழும் கொடுத்தார்கள். நல்ல தண்ணீரைத் தேடிப் பிடித்து அனுப்பச் சொல்வதற்கு எதற்கு ஏ.சி., அதைத்தானே இத்தனை காலமும் செய்துகொண்டிருந்தேன் என்று சவரியப்பனுக்குத் தலை சுற்றியது.

வீட்டுக்கு வந்தால் இனியா பாயில் சுருண்டு கிடந்தாள். இரண்டு நாளாகச் சோறு பிடிக்கவில்லை, குமட்டுகிறது என்றாள். மாசமாக இருக்கிற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்றாள் அழகி. இன்னொரு டம்ளர் கேன் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தாள்.

அதே வாரம் மையத்திலிருந்து தகவல் வந்தது. மாவட்டத்திலேயே தொடர்ந்து உகந்த குடிநீர் வழங்கும் ஊர் என்று செம்பரான்விடுதி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. விழா ஊரிலேயே, மேல்நிலைத் தொட்டிக்குக் கீழேயே. தப்பிக்க வழியில்லாமல் சவரியப்பனையும் மேடையில் ஏற்றி உட்கார வைத்தார்கள். பந்தலுக்குப் பின்னால் கால்வாய் ஓடியதால் அங்கே ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். மேடையில் இருந்தவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுப்பது முறையல்ல என்று பஞ்சாயத்தில் மரியசெல்வத்திடம் சொல்லிக் கேன் வரவழைத்திருந்தார்கள். வெயிலுக்கு எல்லாரும் டம்ளர் டம்ளராகக் குடித்தார்கள்.

ஆத்மநாதன் பேசினார். "எங்கள் மையம் தொடங்கியபோது இந்த மாவட்டத்தில் பாதி ஊர்களின் தண்ணீர் சரியில்லை. நாங்கள் இரவு பகலாக உழைத்தோம். தண்ணீரை எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் இன்றைக்கு எந்த ஊர் ரிப்போர்ட்டை எடுத்தாலும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். தண்ணீர் இன்றைக்கு ஒரு விதமாக இருக்கும், நாளைக்கு ஒரு விதமாக இருக்கும். அதை நம்பி ஒரு நிர்வாகம் நடத்த முடியுமா? ரிப்போர்ட் அப்படியல்ல. போட்டது போட்டபடி இருக்கும். சிலர் தண்ணீர் நாறுகிறது என்கிறார்கள். அது அவர்களுடைய மூக்கின் கருத்து. மூக்குக்கு அங்கீகாரம் கிடையாது."

கை தட்டினார்கள். கேடயத்தைச் சவரியப்பன் கையில் கொடுத்து, போட்டோவுக்காகக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்கள். அவர் சட்டைப் பையில் பட்டன் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. மேடையிலேயே எடுத்துக் காதில் வைத்தார்.

"ஏங்க, ஒடனே வாங்க" என்றாள் அழகி. "புள்ளைக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாக் கெடக்கு. என்னென்னமோ ஒளறுறா."

கேடயத்தை நாற்காலியில் வைத்துவிட்டு ஓடினார்.

பெரியாஸ்பத்திரியில் இனியாவை உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டர் இளவயதுப் பெண். தண்ணீரால் வரும் மஞ்சள் காமாலை, மாசமாக இருப்பவர்களைத்தான் கடுமையாகத் தாக்கும் என்றாள். "ஊர்க் குழாய்த் தண்ணி குடிச்சாங்களா?"

"நாற ஆரம்பிச்சப்பறம் ஒரு சொட்டு குடிக்கலம்மா. வந்த கொஞ்ச நாள்லேர்ந்து கேன்தான். வெலைக்கு வாங்கித்தாம்மா குடுத்தேன்" என்று சவரியப்பன் அழுதார்.

"கேன் எங்கேர்ந்து வருது?" என்று டாக்டர் கேட்டாள்.

அந்தக் கேள்வி அதுவரை அவருக்குத் தோன்றவே இல்லை. ஆஸ்பத்திரியில் அழகியை விட்டுவிட்டு நேரே மரியசெல்வத்தின் ஷெட்டுக்குப் போனார். மெஷின் ஒரு மூலையில் கோணி போர்த்திக் கிடந்தது. ரோட்டோரக் குழாயிலிருந்து மண்ணுக்குள்ளாகவே ஒரு ரப்பர் ஓஸ் வந்து, வரிசையாக நின்ற கேன்களில் விழுந்துகொண்டிருந்தது. அவர் காலையில் திறந்துவிட்ட தண்ணீர். சுவரில், கண்ணாடிச் சட்டம் போட்டு, மாலை சாத்தி, செம்பரான்விடுதியின் 'உகந்தது' ரிப்போர்ட் தொங்கியது.

"மெஷின் ரிப்பேராயி ரொம்ப நாளாச்சு மச்சான்" என்றான் மரியசெல்வம். அவனுக்கு மறைக்க ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. "கரண்டு பில்லும் கட்டுபடியாவல. அதான் ஒங்க ரிப்போர்ட்டு மாசாமாசம் சுத்தமா வருதே, அப்பறம் எதுக்குச் சுத்திகரிக்கணும்னு நேராப் பிடிக்கிறேன். நாத்தம் போற வரைக்கும் மொத ரெண்டு கொடம் கீழ விட்டுருவேன். எம் புள்ளைகளும் இதைத்தான் குடிக்குதுங்க. நீங்க அனுப்புன தண்ணிய லேப்புல பாத்துட்டுத்தான நல்ல தண்ணிங்குறான்?"

சவரியப்பன் அவனை அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கை பாதியில் நின்றது. அந்தத் தாளில் இருந்த தண்ணீரை முகந்து அனுப்பியது அந்தக் கைதான். அப்படியே தரையில் உட்கார்ந்து தன் தலையில் அடித்துக்கொண்டார்.

இனியா கண் திறக்கவில்லை. வயிற்றிலிருந்த குழந்தை முதலில் போனது, மறுநாள் அவள் போனாள். அறிவுச்செல்வன் விமானம் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சவப்பெட்டியைக் கல்லறைக்குத் தூக்கிப்போகும் வழியில் ஊருணிக் கரையைத் தாண்ட வேண்டும். அந்த இடம் வந்ததும் சவரியப்பன் நின்றுவிட்டார். ஒரு குடம் தண்ணீர் கேட்டாள். ஒரே ஒரு குடம். அவர் போர்டைக் காட்டினார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் ஆத்மநாதன் ஜீப்பில் வந்து இறங்கினார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கண்ணில் மஞ்சள் இன்னும் முழுதாக இறங்கவில்லை. விழா மேடையில் இருந்தவர்களில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள் என்றும், அதனால்தான் விசாரணைக் குழு இத்தனை வேகமாக வேலை செய்தது என்றும் சொன்னார். அழகி கதவோரம் நின்றிருந்தாள்.

"குழு ரொம்பத் தெளிவாக் கண்டுபிடிச்சிருச்சு, சவரியப்பன். காமாலை வந்தவங்கள்ல பெரும்பாலும் கேன் தண்ணி குடிச்சவங்க. உங்க மகள் கேன். மேடையில நாங்க எல்லாரும் கேன். அந்த ஷெட்டைப் பூட்டிச் சீல் வச்சாச்சு. அந்த ஆள் மேல வழக்கும் போட்டாச்சு."

"கேன்ல இருந்தது எங் கொழாத் தண்ணிங்கய்யா. கால்வாய்க்கு அடியில ஒடைஞ்ச கொழா. ஓஸு போட்டுப் பிடிச்சான். நாங் கண்ணால பாத்தேன்."

ஆத்மநாதன் பையிலிருந்து குழாய் வரைபடத்தை எடுத்து, அவருக்குப் புரியும்படி விரித்துக் காட்டினார். "பாருங்க. அந்த ஷெட்டுக்கு இணைப்பே இல்ல. இல்லாத இணைப்புல எப்படித் தண்ணி போகும்? தெருவுல காமாலை கண்ட மத்தவங்களும் எங்கயாவது விசேஷ வீட்டுல கேன் தண்ணி குடிச்சிருப்பாங்கன்னு குழு முடிவுக்கு வந்திருச்சு. உங்க குழாய்மேல ஒரு சொல் கூட விழல. அந்த அளவுல நீங்க ஆறுதல் அடையணும்." வரைபடத்தைப் பதமாக மடித்துப் பையில் வைத்தார். "பெத்த மனசு தாங்காதுதான். என்ன செய்யிறது? அரசாங்கம் வீட்டு வாசல்ல உகந்த தண்ணி குடுக்குது. ஜனங்களுக்கு அதுல நம்பிக்கை வரல. உங்க பொண்ணு நம்ம பைப் தண்ணியக் குடிச்சிருந்தா இன்னைக்கு உயிரோட இருந்திருக்கும்."

கதவோரத்திலிருந்து அழகி உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "பைப் தண்ணிதாங்கய்யா. குடிங்க" என்றாள்.

ஆத்மநாதன் சொம்பைப் பார்த்தார். டாக்டர் இளநீரைத் தவிர வேறெதுவும் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றார். எழுந்து, துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்ற முறை தெரிந்தவராக, சொல்லாமலே நடந்தார். ஜீப்பில் ஏறும்போது ஞாபகம் வந்து, டிரைவரிடம் ஒரு போத்தலைக் கொடுத்தனுப்பினார். இந்த மாதத்து மாதிரி. வழக்கம்போலப் பிடித்து அனுப்பினால் போதும்.

சவரியப்பன் அன்று பூராவும் போத்தலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மறுநாள் விடிந்ததும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போனார். உகந்ததல்ல என்ற பலகையைக் கால் இரண்டோடும் பெயர்த்தார். தோளில் தூக்கிக்கொண்டு ஊர் நடுவே நடந்து வந்து மேல்நிலைத் தொட்டியின் கீழே ஊன்றினார். வால்வை இறுக மூடினார். அதன் சக்கரத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். பெண்கள் குடங்களோடு தெருவில் நின்றார்கள். இந்த முறை யாரும் ஏசவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒவ்வொருவராக ஊருணிப் பக்கம் நடந்தார்கள்.

அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோது உள்ளே இனியாவின் போன் கீச்சென்றது. அதை அழகி ஒருநாளும் அணையவிட்டதில்லை. மகளின் படமும் குரலும் அதில் இருந்தன. எடுத்து வந்து அவரிடம் நீட்டினாள். "எனக்குக் கண்ணு மறைக்கிது. என்ன போட்டுருக்கு, படிங்க."

சவரியப்பன் எழுத்துக் கூட்டி, சத்தமாக, முழுவதையும் படித்தார்.

"அன்புள்ள இனியா, இன்று உங்கள் இல்லத்திற்குப் பாதுகாப்பான குடிநீர் வழங்கப்பட்டது. கடந்த மாதம் முழுவதும் தாங்கள் மனநிறைவு தெரிவித்தமைக்கு நன்றி."

அழகி போனைத் திரும்ப வாங்கினாள். முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்து, மறுபடியும் சார்ஜில் போட்டாள்.